கிழக்குக் கரை, மூன்றடி ஆழம்

"நாற்பத்தொன்பது நாள்! ஒரு மீன்கூட இல்லை. கண்ணால பார்க்கிற அளவுக்கு ஒரு பொடி மீன்கூட இல்லை!"

பல் டாக்டர் பத்திரிகை அலுவலக மேசையில் ஏழு காகிதத் துண்டுகளை வரிசையாக வைத்தார். ஏழும் ஞாயிறுதோறும் வரும் 'மீன் நிலவரம்' பத்தியைக் கத்தரித்தவை.

அதை எழுதியவள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். விலங்கியல் பட்டதாரி என்பதால் அந்தப் பத்தி அவள் தலையில் விழுந்திருந்தது. அவள் வாழ்நாளில் கையில் பிடித்த ஒரே மீன் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் ஃபார்மலினில் ஊறிக்கொண்டிருந்தது. வேலைக்கு எடுத்தபோது அதை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"மனுஷன் பல்லை ஒரே இழுப்புல புடுங்கறவன் நான்" என்றார் டாக்டர். "வெறும் கையோட போக வெட்கப்பட்டு, போன வாரம் கடையில மீன் வாங்கி, நான் புடிச்சதுன்னு குடுத்தேன். என் வீட்டுக்காரி செதிலைச் சுரண்டறா, விலைச்சீட்டு உரிஞ்சு வருது!"

செய்தி ஆசிரியர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். "ஏம்மா, உன்னை நிரந்தரமாக்கறதா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமைதானே முடிவு?"

"ஆமா சார்."

"நாளைக்குக் காலையில டாக்டரோட ஏரிக்குப் போ. நீ எழுதின இடம், நீ எழுதின நேரம், ஒரே ஒரு மீன். கிடைச்சா வேலை உனக்கு. இல்லைன்னா பத்தியும் வேண்டாம்..."

அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் வாராவாரம் தகவல் சொல்லும் தூண்டில் கடைக்காரர் இருக்கிறார் என்ற தைரியமும் இருந்தது.

பத்தியின் கடல் பகுதிக்கு வானிலை அலுவலகம் அலை உயரத்தைக் கொடுத்துவிடும். ஏரிக்குத்தான் ஆள் இல்லை. முதல் வாரம் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதினாள்: இளவேனில் கடைசியில் தண்ணீர் இத்தனை டிகிரிக்குச் சூடாகும், கெண்டை ஆழமில்லாத கரைக்கு வரும், கடிக்க வாய்ப்பு உண்டு. 'ஆழமில்லாத' என்றால் எவ்வளவு என்று வாசகர்கள் கேட்பார்களே என்று மூன்றடி என்று போட்டாள். காலை வெயில் படும் என்று கிழக்குக் கரையையும், ஆறிலிருந்து எட்டு மணி என்று நேரத்தையும் சேர்த்தாள்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஏரிக்கரைத் தூண்டில் கடைக்குப் புதன்கிழமைதோறும் போன் செய்தாள். பத்திரிகையிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லக் கூச்சம். "அண்ணே, கெண்டை எங்க கடிக்குது?" என்று மட்டும் கேட்பாள். கவனிக்கப்படுவது தெரிந்தால் பதில் மாறிவிடும் என்று தன் கூச்சத்துக்கு ஒரு விஞ்ஞானக் காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

தான் எழுதிய அதே கரையையும் அதே மூன்றடியையும் அவரும் சொன்னபோது, அவளுக்குத் தன் மேலேயே மரியாதை வந்தது. அதற்குப் பிறகு வாரத்துக்கு வாரம் முன்னேற்றம். 'கடிக்கிறது', 'நன்றாகக் கடிக்கிறது' என்று ஏறி, ஏழாவது வாரம் 'அள்ளிக்கொண்டு போகிறார்கள்' வரை வந்துவிட்டது. அந்த ஏற்றத்தைக் காட்ட அவள் வரைபடம்கூடப் போட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கு ஏரியின் கிழக்குக் கரையில் முப்பது பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தூண்டில் போட்டிருந்தார்கள். மேற்குக் கரையில் ஆள் இல்லை. கொக்குகள் மட்டும் நின்று நிதானமாகக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. அவை பத்திரிகை படிப்பதில்லை.

முதல் வீச்சில் அவள் தூண்டிலில் மாட்டியது அவளுடைய கைப்பை. இரண்டாவதில் டாக்டரின் தொப்பி. அதன்பின் எட்டு மணி வரை தக்கை அசையவே இல்லை.

"வேற யாருக்காவது மாட்டிச்சா?" என்று டாக்டர் உரக்கக் கேட்டார்.

முப்பது தலைகளும் குனிந்தன. "எனக்கு முடிச்சு சரியாப் போட வராது சார்" என்றார் ஒருவர். "என் புழு பழசு" என்றார் இன்னொருவர்.

"கடைக்காரரைக் கேட்போம் சார்" என்றாள் அவள். "அவருக்குத் தெரியும்."

கடை எட்டரைக்குத் திறந்தது. கடைக்காரர் புழு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே... கெண்டை எங்க கடிக்குது?"

குரலைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அட, புதன்கிழமைப் பொண்ணு! நீதானாம்மா? கிழக்குக் கரை, மூணடி ஆழம், ஆறுலேர்ந்து எட்டு. அள்ளிட்டுப் போறாங்க!"

அவள் டாக்டரைப் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

"நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்றார் டாக்டர்.

"நான் எங்க சார் பார்க்கறது? கடையைத் திறக்கறதே எட்டரைக்கு."

"அப்புறம் எப்படி அடிச்சுச் சொல்றீங்க?"

"விவரம் தெரிஞ்ச ஆள் சொல்றதுதான் சார். நல்லாப் படிச்ச ஆளு, டிகிரி அளவு சொல்லி எழுதுவாரு. வியாபாரம் ஓடணுமேன்னு நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வேன், அவ்வளவுதான்."

இன்னொரு சாட்சி! அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். வேலை இன்னும் கைவிட்டுப் போகவில்லை. "யாருண்ணே அவர்? நான் பார்க்கணும்."

கடைக்காரர் டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தை உருவி, மண்ணைத் தட்டி, அவளிடம் நீட்டினார்.

"ஆளை யாரு பார்த்தா? இதோ, ஞாயித்துக்கிழமைப் பேப்பர்ல வருதே 'மீன் நிலவரம்', நீ போன் பண்றப்பல்லாம் இதைப் பார்த்துத்தானேம்மா உனக்குச் சொல்றேன்!"