பூட்டி வைத்த மருந்து

"வீட்டுல பூச்சிமருந்தை எங்க வெச்சிருக்கீங்க?" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைத்தான் கேட்டார்.

அண்ணன்தான் பதில் சொன்னான். "பரண்மேல பூட்டி வெச்சிருக்கேன் சிஸ்டர். சாவி என் இடுப்புல. கையுறை, முகமூடி இல்லாம கத்தரிக்கு மருந்தே அடிக்க மாட்டேன். நிலாவுக்கா போறேன்னு ஊரே கேலி பண்ணும்."

"அப்புறம் பச்சைக் குழந்தை உடம்புல மருந்து எப்படி ஏறிச்சு? ஏதோ பொழச்சுட்டா. காரணம் தெரியலேன்னா மறுபடியும் வரும்."

அண்ணன் அண்ணி பக்கம் திரும்பினான். "எல்லாம் இவளாலதான். காய் பறிச்ச கையோட பிள்ளையைத் தூக்கியிருப்பா."

"சோப்புப் போட்டுக் கழுவாம நான் அவளைத் தொட்டதே இல்ல" என்று அண்ணி அழுதாள்.

சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. தட்டிக்கொடுத்தும் அடங்கவில்லை. வீட்டிலிருந்து குழந்தையோடு அள்ளி வந்திருந்த சட்டையை அண்ணி எடுத்துப் போர்த்தினாள். குழந்தை அதில் முகம் புதைத்து, காலர் நுனியை வாயில் வைத்துச் சப்பியபடி அழுகையை நிறுத்தியது.

"யார் சட்டை?"

"அவரோடது. அப்பா வாசம் இருந்தாத்தான் தூங்குவா. துவைச்சதைக் கொடுத்தா தூக்கி எறிஞ்சிடுவா."

"எப்ப போட்டது?"

அண்ணியின் குரல் இறங்கியது. "நேத்து... மருந்து அடிக்கும்போது."

நர்ஸ் சட்டையை வெடுக்கென்று உருவினார். குழந்தை கதறியபடி அண்ணனை நோக்கிக் கைகளை நீட்டியது. தூக்கப் போன அண்ணன் சட்டென்று நின்று, தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான். பிறகு சட்டைப் பொத்தான்களைக் கழற்றியபடியே குழாயைத் தேடி வெளியே போனான்.