ஓட்டிப் பார்த்த வண்டி

“ஏனுங்க, உடுமலை வரைக்கும் ஒருக்கா போய்ப் பார்த்துப்போட்டுச் சொல்றேனுங்க” என்று சென்னிமலை அந்தப் பழைய காரில் ஏறினார். விற்க வந்த பாலுசாமியே ஓட்டினார்.

உடுமலையில் ஒரு பெரிய வீட்டு வாசலில் நிறுத்தி, ஹாரனை இரண்டு தரம் அடிக்கச் சொன்னார் சென்னிமலை. உள்ளே போய் மோர் குடித்துவிட்டு, சாவகாசமாகத் திரும்பி வந்து ஏறிக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் குரல் மாறிவிட்டது. “இஞ்சின் இருமுதுங்க. கூரை மேல்துணியெல்லாம் கிழிசல். இந்த வண்டி நமக்கு ஆகாதுங்க.”

“சரிங்க” என்றார் பாலுசாமி. “நீங்க உள்ள இருந்தப்போ, உங்க பொண்ணுக்குப் பார்த்திருக்கற மாப்பிள்ளையோட சித்தப்பா வெளிய வந்தாருங்க. ‘இது உங்க வண்டியாச்சே’ன்னு கேட்டாரு. சுத்துப்பட்டுல இருக்கறதே நாலு காரு, தெரியாமப் போகுமுங்களா?”

சென்னிமலை சட்டென்று நிமிர்ந்தார். “நீங்க... என்ன சொன்னீங்க?”

“உங்களுக்கு வித்துப்போட்டேன்னு சொன்னேனுங்க. எனக்கும் பொண்ணு இருக்குது.”

“வாங்கற வசதி எனக்கு இல்லீங்க” என்றார் சென்னிமலை, தரையைப் பார்த்தபடி.

“தெரியுமுங்க. வெலையே கேக்காம ஏறினீங்களே!”

செருப்புக்கடியில் மண் பிளந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. இவருடைய வண்டியையா அத்தனை குறை சொன்னோம்?

பாலுசாமி காரைக் கொண்டுபோய்ச் சென்னிமலை வீட்டு வாசலிலேயே நிறுத்தினார்.

“கல்யாணம் முடியற வரைக்கும் இங்கயே நிக்கட்டுங்க. அந்த மேல்துணிக் கிழிசலை மட்டும் தெச்சுப்போடுங்க. பொண்ணு ஏறிப் போறப்போ நல்லாயிருக்காது.”