இருபது டிகிரி

ஆண்டு எண்பத்தாறா, எண்பத்தேழா என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை. முடிச்சூர் சாலைப் பட்டறை என்பது மட்டும் நிச்சயம். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே காலை வெயில் வட்டம் வட்டமாகத் தரையில் கிடக்கிறது. கிரில் செய்யும் துரைராஜ், நண்பர் கலீலின் மகள் அஜீசாவின் போலியோ காலுக்குத் தாங்கு கம்பி வளைக்கிறார். முழங்காலில் இருபது டிகிரி மடக்கம் என்கிறது டாக்டர் சீட்டு. கையால் வளைத்த வளைவு உருண்டையாக இருப்பதால் கோணமானி வைக்க முனை இல்லை. கம்பியைத் தரையில் கிடத்தி, இரு பக்கமும் சாக்பீஸால் கோடு நீட்டி, கோடுகள் வெட்டும் இடத்தில் அஜீசாவின் பள்ளிக் கோணமானியை வைக்கிறார். இருபத்து மூன்று. சுத்தியலால் தட்டிவிட்டு மறுபடி கோடு போடுகிறார். பதினெட்டு. மூன்றாம் முறை நூல் பிசகாமல் இருபது. “இன்ஜினியருலாம் உன்னாண்ட பிச்சை வாங்கணும் மச்சான்,” என்று கலீல் சிரிக்கிறார். காலோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். தொடையில் ஒட்டிய கம்பி, கணுக்காலில் நாலு விரல் தள்ளி நிற்கிறது. “அளவு தப்பா கீதுப்பா,” என்கிறார் கலீல். துரைராஜ் திரும்ப அளக்கிறார். இருபதுதான். சீட்டின் தேதியைப் பார்க்கிறார். பரீட்சை முடியட்டும், பெருநாள் போகட்டும் என்று கலீல் சட்டைப்பையில் வைத்திருந்ததில் நாலு மாதம் ஓடியிருக்கிறது. அதற்குள் இன்னும் மடங்கிவிட்ட மகளின் முழங்காலைக் கலீல் பார்க்கிறார். “மாமா, என் காலை அளந்து பாருங்க,” என்று அஜீசா கோணமானியை நீட்டுகிறாள். முழங்காலில் வைத்துப் பார்த்த துரைராஜ், எண்ணைச் சொல்லாமல் அதைக் கவிழ்த்து வைக்கிறார்.

துரைராஜ் தொண்ணூற்று மூன்றில் இறந்தார். கலீல் மாடம்பாக்கத்துக்குக் குடிபோனார். அஜீசா கோவிலம்பாக்கத்தில் டெலிபோன் பூத் நடத்தினாள், ஊன்றுகோலோடு.