சத்தத்தைக் குறைக்கிற வீடு

"அந்த முதல் வரியை மட்டும் எடுத்துடு. மிச்சத்தை என்ன வேணா எழுதிக்கோ," என்றார் என் கணவர் ஜெயகிருஷ்ணன்.

எங்கள் மகள் அக்ஷதா லேப்டாப்பை மூடவில்லை. மைசூர் ஹெப்பாளில் ஐ.டி. வேலை பார்க்கிற பெண், திடீரென்று கன்னடத்தில் ஒரு கதை எழுதியிருக்கிறாள். ஒரு வாரப் பத்திரிகை அதைப் போடப்போகிறதாம். கடைசித் திருத்தத்தை எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

அவள் படிப்பதைக் கேட்கத்தான் ஏழரை மணி சீரியலை அவர் பாதியில் அணைத்திருந்தார். கதாநாயகி வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிற நேரம். ஆனாலும் பெற்ற பெண் எங்களைப் பற்றி என்ன எழுதியிருப்பாள் என்கிற ஆர்வம் எனக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

முதல் வரி இதுதான்: 'அழைப்பு மணி அடித்தால் எங்கள் வீட்டில் முதலில் டிவி சத்தத்தைக் குறைப்போம், அப்புறம்தான் கதவைத் திறப்போம்.'

ஒரே வரியில் குடும்பத்தையே உரித்து வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது.

மாமனார் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். காவிரித் தண்ணீருக்காக ஊர் கொதித்த ஒரு வருஷம், தமிழ்ச் சத்தம் வெளியே கேட்க வேண்டாம் என்று அவர் ஆரம்பித்து வைத்தது. கொதிப்பு அடங்கிவிட்டது. மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பழக்கம் மட்டும் போகவில்லை. இத்தனைக்கும் இந்த அக்ரஹாரம் பகுதியில் எங்களை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

யுகாதிக்கு ஒப்பட்டு, நம்ம போளிதான், செய்தால் முதலில் பக்கத்து வீட்டு மாதேவிக்குத்தான் போகும். கொள்ளேகாலிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சித்திரை முதல் நாள் பாயசத்தை மட்டும் சத்தமில்லாமல் நாங்களே குடித்துவிடுவோம்.

"இருபது வருஷமா பழகறவங்க. இதைப் படிச்சா என்ன நினைப்பாங்க? இத்தனை நாளும் பயந்துகிட்டேதான் சிரிச்சோம்னு நினைக்க மாட்டாங்களா?" என்றார் அவர்.

"அந்த வரி இல்லைன்னா கதையே இல்லைப்பா."

அழைப்பு மணி அடித்தது.

அவர் கை தானாக ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தது. டிவி அணைந்து கிடப்பது மூன்றாவது அழுத்தலில்தான் அவருக்கு உறைத்தது.

கதவைத் திறந்தேன். மாதேவி நின்றிருந்தாள்.

"ஏனுங்கக்கா, டிவியை நிறுத்திட்டீங்க? அந்தப் புள்ள கையெழுத்துப் போட்டாளா இல்லீங்களா?"

இருபது வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் தமிழ்.

"உனக்குத் தமிழ் வருமா?" என்றேன். அதையும் கன்னடத்தில்தான் கேட்டேன்.

"எங்கம்மா வீட்ல தமிழ்தானுங்க. நீங்க எப்பவும் கன்னடமே பேசினீங்களா, தமிழ் பேசுனா உங்களுக்குப் புடிக்காதாக்கும்னு இருந்துட்டேன். எங்க வீட்ல அவரு நியூஸ்தான் வெப்பாரு. நான் செவுத்தோரமா உக்காந்து உங்க டிவியிலதான் கேட்டுக்குவேன்."

நாங்கள் மூன்று பேரும் அந்தச் சுவரைப் பார்த்தோம்.

அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, டிவியைப் போட்டேன். கதாநாயகி இன்னும் பேனாவைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி மணி அடித்தது. மாதேவியைத் தேடி அவள் கணவர் பசவராஜ் வந்திருக்க வேண்டும். என் கணவர் கை ரிமோட்டுக்குப் போனது.

"கொறைக்காதீங்கண்ணா! மணி அடிக்கறப்பல்லாம் நீங்க கொறைச்சுக் கொறைச்சு, பாதிக் கதை எனக்குத் தெரியவே தெரியாதுங்க."

அவர் ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அக்ஷதாவைப் பார்த்தார்.

"அனுப்பிடு," என்றார்.

பிறகு, டிவி கத்திக்கொண்டிருக்கும்போதே போய்க் கதவைத் திறந்தார்.