கூரைமேல் இருந்த கண்

பந்தயக் காரில் ஹெல்மெட் மாட்டிவிட்டால் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. பார்வையாளர் அரங்கின் கூரைமேல் நின்று என் தம்பி ஹார்லன் ரேடியோவில் சொல்வதுதான் எனக்குக் கண்.

கடைசிச் சுற்றில் நான்தான் முன்னால்.

"உள்பக்கம் காலி. இறங்குண்ணே."

சரிவான தடத்தில் காரை உள்விளிம்புக்கு இறக்கினேன். அங்கே, எனக்கு அடுத்து இரண்டாவதாக வந்துகொண்டிருந்த டெல்பர்ட்டின் கார் இருந்தது. நான் அதில் இடித்து, சுவரில் மோதி நின்றேன். கோப்பை அவனுக்குப் போனது.

"வெயில்ல கண்ணு கூசிருச்சுண்ணே," என்று ஹார்லன் அழுதான்.

"விடுடா. பதினெட்டு வருஷத்துல ஒரு தடவதானே."

தட்டிக்கொடுத்து அனுப்பினேன். எல்லா ஓட்டுநர்களின் ரேடியோவையும் ஸ்கேனரில் கேட்கும் ரசிகை வெர்னா அக்கா, அவித்த வேர்க்கடலையைக் கொறித்தபடி வந்தாள்.

"கிளைடு, உன் தம்பி எதுக்கு டெல்பர்ட்டோட ரேடியோவுல பேசினான்?"

"எப்பக்கா?"

"நீ மோதுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"என்ன பேசினான்?"

"'இறங்கச் சொல்லப்போறேன், நீ விலகாத'ன்னு."