இலுப்பை மரத்து வளையம்

புயலில் வேரோடு சாய்ந்து, வெட்டாற்றுப் புறம்போக்கில் கிடந்த இலுப்பை மரத்தைச் சுற்றிவந்து பார்த்தார் மீன்வளத்துறை அதிகாரி ஆசியா.

“மணலை அள்ளி அள்ளி ஆறு மொட்டையாக் கிடக்கு. இதை வேரோட மடுவுல இறக்கினா, விராலும் கெளுத்தியும் அண்டி முட்டை போடும்” என்றார், ஊராட்சித் தலைவர் மருதையனிடம்.

“இறக்கிடுவோம் மேடம்.”

பழைய பண்ணை வீட்டுக் குஞ்சிதபாதம் குறுக்கே வந்தார். “தலைவரே, எங்க தாத்தா வச்ச மரம். வைரம் பாஞ்சது, வாசக்காலுக்கு ஆகும். எனக்கு விட்டுடுங்க. மீனுக்கு நாலு புளியமரம் வெட்டித் தர்றேன்.”

“இந்த மரந்தாங்க போவணும்.”

“எட்டாத் தர்றேன்.”

“தோப்பையே தந்தாலும் இதுதாங்க.”

எட்டு மரம் என்றால் மீனுக்கு எவ்வளவு நல்லது! இந்த மனுஷனுக்கு ஏன் இத்தனை வீம்பு என்று ஆசியாவுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் வேலையைப் பார்த்தார்.

“வெள்ளம் இழுத்துட்டுப் போகாம, சங்கிலி போட்டுக் கரையோட கட்டணும். அட, மரத்துலயே இரும்பு வளையம் இருக்கே! மாடு கட்டுறதுக்கா?”

குஞ்சிதபாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மாடு இல்லீங்க மேடம்” என்றார் மருதையன். “பண்ணையில கூலி கூடக் கேட்டதுக்கு, எங்கப்பாவை இதுலதான் கட்டி வச்சு அடிச்சாங்க.”

சங்கிலியை எடுத்து வளையத்தில் தானே மாட்டினார்.

“நல்லா இறுக்கியே கட்டுவோம். இந்தத் தடவை கட்டுறது நாங்க.”