ஜனவரி இரண்டாம் தேதி பிறந்தவர்கள்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது: மாவட்ட பேஸ்பால் வரலாற்றில் இன்று முதல், பன்னிரண்டு வயது என்றால் பன்னிரண்டு வயதுதான்.

மைக்கில் இதைச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள். அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அவர் வயது சரிபார்ப்புக் குழுவின் தலைவர். அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். குழுவில் வேறு யாரும் இல்லை.

மாநிலப் போட்டிக்கு வேன் நாலு மணிக்குப் புறப்படுகிறது. பதினாறு பையன்கள் வரிசையில் நின்றார்கள்.

பேஸ்பால் எப்படி ஆடுவது என்று அந்த ஊரில் மூன்று பேருக்குத் தெரியும். வயது விதி மட்டும் எல்லா வீட்டுக்கும் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ஜனவரி முதல் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும்.

பதினொரு பேர் இரண்டாம் தேதி பிறந்திருந்தார்கள்.

முதல் தேதி என்றால் யாராவது கேள்வி கேட்பார்கள். ஒரு நாள் பொறுத்துப் பிறந்திருந்தார்கள்.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

ஒருவன் தாடையில் புதிய பிளேடு வெட்டு.

ஒருவன் "வணக்கம் சார்" என்றான். மைக் தேவைப்படாத குரல்.

சான்றிதழைப் பார்த்தார். முத்திரை இருந்தது. கையெழுத்து இருந்தது. லேமினேஷன் பளபளத்தது.

முத்திரையைச் சந்தேகிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. டிக் போட்டார்.

டிக். டிக். டிக்.

கடைசியில் நின்றவன் இசக்கிமுத்து. அணியின் பிட்சர். பந்து எறிகிறவன். ஆடுகிற பால்பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தான்.

பிறந்த தேதி, முந்தின வருடம் டிசம்பர் முப்பத்தொன்று.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் முப்பத்தொன்று.

ஒரு நாள் கூடுதல்.

காகிதத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். மை வரவில்லை.

இப்படி ஒரு சான்றிதழை யாரும் சும்மா கொண்டுவர மாட்டார்கள். இதில் என்னவோ திட்டம் இருக்கிறது. யார் அனுப்பியது?

பையனின் அம்மாவைக் கூப்பிட்டார். கூடவே கோச் ஜெபராஜும் வந்தான். அவன்தான் முதலில் பேசினான்.

"என்னக்கா இது? சர்டிபிகேட் எடுக்க முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"எதக் கேக்கணும்? ஆஸ்பத்திரில அன்னைக்குத்தான் பெறந்தான். தேதி கேட்டுட்டா புள்ள பெறுவாவ?"

"இந்தா நிக்காம்லா பதினோரு பேரு. எல்லாவளும் கேட்டுட்டுத்தான் பெத்துருக்காவ."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கனத்த சிரிப்பு.

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், நாலு மாசமா விடிய முந்தி எந்திச்சுப் பந்து எறியுதான். ஒரு நாளு சார்."

விதி என்றால் விதி. அதையும் அவர் மைக்கில்தான் சொன்னார்.

சிவப்புப் பேனாவால் எழுதினார்: வயது மூத்தவர். நீக்கப்படுகிறார்.

இசக்கிமுத்து ஜெர்சியைக் கழற்றினான். மடித்துக் கொடுத்தான்.

பிளேடு வெட்டுக்காரன்தான் இனி பிட்சர். ஜெர்சியைப் போட்டுப் பார்த்தான். தோளில் தையல் விட்டது.

"பின்னு குத்திக்கோல" என்றான் ஜெபராஜ்.

வேன் புறப்பட்டது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் கையசைத்தார்கள். இசக்கிமுத்துவும் அசைத்தான். பல்லைத் தள்ளுவதை மட்டும் நிறுத்தியிருந்தான்.

அந்த அம்மா போகவில்லை. மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"நீங்க என்னைக்கு சார் பெறந்தீய?"

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். இவள் ஏன் கேட்கிறாள்? யார் கேட்கச் சொன்னது?

ஆனாலும் பதில் உடனே வந்தது. யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஜூன் ஒண்ணு."

அவர் பணி ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

அவருடைய தம்பியும் அரசுப் பள்ளி ஆசிரியர்தான். போன வருடம் ஓய்வு பெற்றார்.